மாடியில்லாத படிக்கட்டு

அறிக்கை வெளியான ஒன்பது மணி நேரத்தில், மாடியே இல்லாத அந்தக் காவல் நிலையத்துக்கு ஒரு படிக்கட்டு முளைத்தது. விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட பெயின்டர் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார் என்று அறிக்கை சொன்னது. வேறொரு நிலையத்தின் பழைய அறிக்கையிலிருந்து அந்த வரியை ஏட்டு எடுத்துப் போட்டிருந்தார். அந்த நிலையத்துக்கு இரண்டு மாடி. இங்கே வாசலில்கூட ஒரு படி கிடையாது. காலையில் பெருக்க வந்த அம்மாள் பின்சுவரையொட்டிப் பதினோரு படிகளைப் பார்த்தாள். அவற்றையும் சேர்த்துப் பெருக்கினாள்.

இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி. நிருபர்களைக் கூட்டி வந்து காட்டினார். "நல்லாப் பாத்துக்கோங்க, இதுலதான் விழுந்தாரு. எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாது." சொல்லி முடித்தபோது படிகள் பன்னிரண்டாகியிருந்தன. அதன் பிறகு அந்த வரியை எந்த அதிகாரி திருப்பிச் சொன்னாலும் ஒரு படி கூடியது. மேலதிகாரி பேட்டி கொடுத்த வாரம் படிக்கட்டு கூரையைத் தாண்டியது. மறுப்பு, மறுப்புக்கு விளக்கம், விளக்கத்துக்குத் திருத்தம் என்று, மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீர்த் தொட்டியைவிட உயர்ந்துவிட்டது. அரசு கைப்பிடி வைத்து வெள்ளையடித்தது. நிலையத்துக்குள் தலைகாட்டப் பயந்த ஜனங்கள், போனில் சிக்னல் கிடைக்கிறதென்று படியில் மட்டும் கூசாமல் ஏறினார்கள். துறையின் ஆண்டறிக்கை இதைப் பொதுமக்கள் நல்லுறவு என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டது.

பெயின்டரின் மனைவி ஒவ்வொரு குறைகேட்புக் கூட்டத்துக்கும் வந்தாள். "எந்தப் படியில சார் விழுந்தாரு?" இது ஒன்றுதான் அவள் கேள்வி. ஆளுக்கொரு படியைச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் இன்ஸ்பெக்டர் பொறுமையிழந்தார்.

"யோவ் ஏட்டு, இந்தம்மாவக் கூட்டிட்டுப் போய் ஏதாவது ஒரு படியக் காட்டித் தொலைய்யா. படிக்கா இங்க பஞ்சம்?"

ஏட்டு அவளை உச்சிவரை அழைத்துப் போனார். அங்கிருந்து அவள் இறங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள்.

"இதுலயாண்ணே?"

"இல்லம்மா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் ஒரு படி கூடும், அதையும் சேர்த்து இறங்க வேண்டும். ஏட்டுக்கு முழங்கால் வலி. பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் உக்காந்துக்கட்டுமாம்மா?"

"தாராளமா உக்காருங்க. உங்களை யாரு விசாரிக்கப் போறா?"

ஏட்டு உட்காரவில்லை. கூடவே இறங்கினார். கடைசிப் படியிலும் அதே பதில்தான். இருவரும் தரைக்கு வந்துவிட்டார்கள்.

"படியெல்லாம் தீந்துபோச்சேண்ணே" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. ஏட்டு குரலைத் தாழ்த்தவில்லை.

"அவரு விழவே இல்லம்மா. நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. நான் அவரு கையப் பின்னால பிடிச்சுக்கிட்டேன். இன்ஸ்பெக்டர் அடிச்சாரு."