காரல் குழம்புக்கு வந்தவர்

பொன்னமராவதி இசைவாணி மாவட்டம் முழுக்க வீடு வீடாகப் போய்க் குடும்பச் சமையல்களைக் கேட்டு எழுதிப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தாள். எதையும் தன் அடுப்பில் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டாள்.

மீமிசல் கடற்கரையில் ஷர்லி என்ற பெண் சொன்ன காரல் மீன் குழம்பில் ஒரு வரி மட்டும் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. "புளித்தண்ணி ஊத்தையில யாரு கொரல் கொடுத்தாலும் பதில் பேசாதீங்கக்கா. எங்க மாமியா கண்டிசன்." தட்டச்சு செய்யும்போது அந்த வரியை விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயில். புளித்தண்ணீரைச் சட்டியில் ஊற்றிய நேரம், கொல்லைப்பக்கம் ஓர் ஆண்குரல் கேட்டது: "ஆயிருச்சா?"

பக்கத்து வீட்டுத் திருப்பதி என்று நினைத்து, "இந்தா ஆச்சு, உள்ள வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்றாள்.

யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் திருப்பதி வீடு பூட்டிக் கிடந்தது. காய்ந்த கொல்லையில் ஈரப்பாசி வாடை.

குழம்பில் உப்பே இல்லை. போட்டாள். கைப்பிடி அள்ளிப் போட்டும் நாக்கில் ஏறவில்லை. கல்லுப்பையே வாயில் போட்டுப் பார்த்தாள். மணலாய் நறநறத்தது. உடனே ஷர்லிக்குப் போன் போட்டாள்.

"பதில் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் ஷர்லி. "நாளைக்கு வாரேன்க்கா."

முதல் பஸ்ஸிலேயே, ஐஸில் வைத்த காரலோடு வந்து இறங்கினாள். அவள் கணவன் ஆரோக்கியதாஸ் ஆறு வருஷத்துக்கு முன் கடலுக்குப் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"இந்தக் கொழம்பு வைக்கிற ஒவ்வொரு தடவையும் எங்க வீட்லயும் அவரு கூப்பிடுவாருக்கா. செத்தவன உள்ள கூப்பிடாதேன்னு மாமியா பக்கத்துலயே நிப்பாங்க. நான் வாய மூடிக்கிட்டே இருந்துட்டேன். நீங்க உள்ள வாங்கன்னுட்டீங்க, இனிச் சாப்பிடாம போக மாட்டாரு. இன்னைக்கு இங்கிட்டே கொழம்பு வச்சு நானே கூப்பிடுறேன். நீங்க தெருவுல நில்லுங்க."

இசைவாணி வெயிலில் நின்றாள். புளித்தண்ணீர் கொதிக்கும் மணம் வந்தது. பிறகு ஷர்லியின் குரல்: "ஆயிருச்சு, வாங்க."

உள்ளே யாரோ மணையை இழுத்துப் போட்டார்கள். தாழ்ந்த குரல் ஒன்று ஏதோ சொன்னது. ஷர்லி சிரித்தாள். கொஞ்சம் கழித்து அழுதாள்.  இசைவாணி திரும்பிப் பார்க்கவில்லை.

ஷர்லி கூப்பிட்டபோது உள்ளே போனாள். இலை உட்பக்கமாக மடிந்திருந்தது. விரித்தால் ஒரு பருக்கை இல்லை. மீன் முள் மட்டும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. ஷர்லி ஒரு கரண்டிக் குழம்பை அவள் உள்ளங்கையில் ஊற்றினாள். உப்பு அளவாக இருந்தது.

"வயிறு நெறஞ்சிருச்சாம்க்கா. இனிமே வர மாட்டேன்னாரு." முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆனாலும் இதப் புத்தகத்துல போட வேணாம். மனசு மாறி ஒருநாள் பசியோட வந்தாருன்னா, ஊரெல்லாம் இந்தக் கொழம்பு மணந்தா, எந்த வீட்டுக்குன்னு போவாரு?"

இசைவாணி அவள் கண்முன்னாலேயே அந்தப் பக்கத்தை அழித்தாள்.