பதினேழாம் எண் ரத்தம்

...இல்லை, கழுவியதில் குறை இருக்க முடியாது, நேற்று மூன்று முறைக்குப் பதில் ஐந்து முறை கழுவினாள், அப்படியும் கோட்டில் அந்த முகடு அதே இடத்தில் அதே உயரத்துக்கு எப்படி எழும்பும்? நூரீன் லேசர் அறையின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, பதினேழாம் எண் ரத்தம் வைத்த கண்ணாடிச் சில்லை மறுபடியும் கருவிக்குள் வைத்தாள். செவ்வாய்க்கிழமை வந்தது, புதன்கிழமையும் வந்தது, இன்று வராவிட்டால்... வராவிட்டால் நல்லதா கெட்டதா? பத்து ஓட்டம், இருபது நிமிடம், ஒவ்வொரு ஓட்டத்திலும் கணினித் திரையில் அந்தக் கோட்டின் நடுக்கம் கொஞ்சம் குறையும், அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே காலாப்பட்டின் பதினொரு மணி வெயில், இங்கே ஏசி குளிரில் விரல் விறைக்கிறது.

எவ்வளவு எளிமையான ஏற்பாடு இது, சில்லின் மேல் தேடுகிற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள், பிடிபட்டதன் மேல் வந்து ஒட்டும் தங்கத் துகள், துகளின் மேல் ஒரு சாயம், சிவப்பு லேசர் பட்டதும் சாயம் தன் அடையாளத்தைச் சொல்லும், தங்கம் பக்கத்தில் இருப்பதால் லட்சம் மடங்கு உரக்கச் சொல்லும்... தங்கக் கரைசலைக் குப்பியில் காட்டியபோது வாப்பா சிரித்தார், "தங்கத்தக் கரைச்சி சர்பத்து போட்டுட்டியா?" என்று. அந்தச் சர்பத்தில் மூன்று வருடம் போய்விட்டது. நாற்பது ஆண்களின் ரத்தம், இருபது பேர் புராஸ்டேட் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொள்பவர்கள், இருபது பேர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள். அந்தப் புரதம் எல்லா ஆணிடமும் கொஞ்சம் உண்டு, ஒன்றுமில்லாதவர்களில் பத்தொன்பது பேருக்கு அது சின்ன மேடுதான், பதினேழுக்கு மட்டும் ஏன் நோயாளிகளின் உயரம்? துகள்கள் தாமாக ஒட்டிக்கொண்டனவா? ரத்தமே வைக்காத சில்லில் எதுவும் எழவில்லையே. பக்கத்து ரத்தக் குப்பியோடு மாறியிருக்குமா? புதுக் குப்பி பிரித்தல்லவா இன்று வைத்தாள்.

எண்ணோடு பெயரைச் சேர்க்கவே கூடாது என்பது பேராசிரியரின் முதல் விதி, ஆனால் இந்த எண்ணுக்குரியவரே பெயரைச் சேர்த்துவிட்டார். பரிசோதனைக்கூட உதவியாளர் ராமலிங்கம், ஐம்பத்தாறு வயது, ரத்தம் கொடுத்த அன்று பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வராந்தா முழுக்க, "நாந்தான் பதினேழு, நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். அவருக்கு நோய் இல்லையென்றால் இந்த முறை பொய் சொல்கிறது, மூன்று வருடமும் வீண். நோய் இருந்தால்... அவருக்கே தெரியாததை இந்தச் சில் கண்டுபிடித்திருக்கிறது, மூன்று வருடமும் பலித்துவிட்டது. எது? ஏழாவது ஓட்டம், எட்டாவது, கோடு அடங்கி அடங்கி, நடுவில் அந்த முகடு மட்டும் கூர்மையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், அதே உயரத்தில்...

பத்தாவது ஓட்டம் முடிந்து அவள் விளக்கைப் போட்டபோது, "மேடம், நைட்ரஜன் சிலிண்டர் வந்துடுச்சி" என்று வெளியிலிருந்து ராமலிங்கத்தின் குரல். சொல்லக் கூடாது. பேராசிரியரிடம் சொல்லி, அவர் ஆஸ்பத்திரிக்கு எழுதி, அவர்கள் இவரைக் கூப்பிட எத்தனை வாரம் ஆகும்? திரையை விலக்கிக்கொண்டு ராமலிங்கம் உள்ளே வந்துவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க, ராத்திரில எத்தினி வாட்டி ஒண்ணுக்கு எழுந்துக்கறீங்க?"

அவர் கூச்சத்தோடு சுவர்ப் பக்கம் பார்த்தார். "மூணு... நாலுகூட இருக்கும். வயசாவுதில்ல. ஏன் மேடம்?"

அவள் ஒரு தாளைக் கிழித்து, பி.எஸ்.ஏ. என்று அந்தப் புரதத்தின் பெயரை எழுதினாள். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர்கிட்ட இந்த டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லுங்க."

"எனக்கு எதுனா இருக்குதா?"

"தெரியலண்ணே. சத்தியமா தெரியல. நான் பண்றது ஆராய்ச்சி, இத வெச்சி சொல்ல முடியாது. சாதாரண வீக்கமாக்கூட இருக்கலாம். ஆனா நீங்க போவணும்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"இப்பத்தான் மேடம், சிலிண்டர் வந்ததச் சொல்லலாம்னு எட்டிப் பாத்தேன். நீங்க கம்ப்யூட்டரப் பாத்து சிரிச்சிக்கினு இருந்தீங்க. சரி, நம்ம ரத்தம் பாஸாயிடுச்சுன்னு நெனச்சிக்கினு போயிட்டேன்."

அவர் போய்விட்டார். சிரித்தேனா? எட்டாவது ஓட்டத்திலா, ஒன்பதாவதிலா, அவர் எட்டிப் பார்த்தபோது வெளிச்சம் உள்ளே விழுந்திருக்குமே, அதுகூடத் தெரியாமலா... நூரீன் கோப்புக்குப் பெயர் கொடுக்கக் கை வைத்தாள், பதினேழு என்று அடித்தாள், அடுத்து என்ன அடிக்க வேண்டும் என்று அவளுக்கு நினைவு வரவில்லை.