பூஞ்சையே இல்லாத பெட்டிகள்

அன்று காலை தேன்பெட்டிக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கே பேர்: பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான பெரியவர், அவருடைய தங்கை, தங்கையின் கணவர், ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெரியவரின் மருமகள். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் கதை கட்டுகிறார்கள்.

நாற்பது பெட்டிகளில் பதினேழு காலியாகிவிட்டன. மற்றவற்றின் வாசலிலும் தேனீயாக வேண்டிய புழுக்கள் செத்து, சுண்ணாம்புத் துண்டுபோல வெளுத்து இறுகிக் கிடந்தன. இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால், மூன்று தலைமுறையாகத் தேன்வீடு என்று பேர் வாங்கிய வீட்டில் ஒரு தேனீகூட மிஞ்சாது. அது பெரியவருக்குத் தெரியும். தெரிந்தும் முதுகு வளையாமல் நின்றார்.

சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் தேன் வாங்க வந்த வியாபாரி ஒருவர், பெட்டிக்குள் தேனீக்கள் மகரந்தம் அடைத்து வைத்திருந்த மரச்சட்டத்தைப் பார்த்து, பூஞ்சை பிடித்திருக்கிறதே என்று முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பு முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஒவ்வொரு சட்டமாக வெளியே எடுத்து, பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லியைத் தம் கையாலேயே தெளித்தார். புழுக்கள் சாகத் தொடங்கியதும் வாரம் இரண்டு முறையாக்கினார். அந்தத் தெளிப்பானை வேறு யாரும் தொடக்கூடாது.

தங்கையின் கணவரும் தேன்காரர்தான். அவருடைய பெட்டிகளில் சிலந்தி குடியிருந்தது. பெரியவர் அவருக்கு வைத்திருந்த பேர் ஒட்டடை. ஆனால் ஒட்டடையின் தேனீக்கள் நெரிசல் தாங்காமல் வாசலில் தொங்கின.

மருமகள் இரண்டு வீட்டு மகரந்தத்திலும் ஒரு சிட்டிகை எடுத்துப்போய்ச் சோதித்திருந்தாள். அதன் முடிவைக் கேட்கத்தான் நால்வரும் கூடியிருந்தார்கள்.

"மாமா, அவங்க மகரந்தத்துல பூஞ்சை நிறைய இருக்கு. நம்மளதுல ஒண்ணுகூட இல்ல."

"அப்படிச் சொல்லும்மா" என்று பெரியவர் தங்கையின் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

மருமகள் தரையைப் பார்த்தாள். "அதுதான் மாமா குறை. பாலுக்கு உறைமோர் மாதிரி அந்தப் பூஞ்சை. அது இருந்தாத்தான் மகரந்தம் கெடாம பக்குவமாகும். புழுவைக் கொல்ற பூஞ்சையையும் அது அண்ட விடாது. அந்தக் கெட்டது மருந்துக்குச் சாகாம புழு உடம்புல தங்கிடுச்சு; கெட்டதை ஒழிக்கப்போய் நல்லதை ஒழிச்சுட்டோம்."

ஒழித்தது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். 'ஒழிச்சுட்டீங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பெண் 'ஒழிச்சுட்டோம்' என்றாள். பழியில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இப்படி ஒரு பெண் இந்த வீட்டுக்கு வர, தாம் என்ன செய்துவிட்டோம் என்று பெரியவர் நினைத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

தங்கையின் கணவர் குத்திக்காட்டியிருக்கலாம். இருபது வருடமாக ஒட்டடை என்று பேர் கேட்ட உரிமை அவருக்கு இருந்தது. "எங்கிட்ட மகரந்தம் நிறைஞ்ச சட்டம் நிறைய இருக்கு மச்சான். பெட்டிக்கு ஒண்ணா வச்சுப் பார்ப்போம்" என்றார். பிறகு தாங்கமாட்டாமல், "தட்டித் துடைச்சே கொண்டாரேன்" என்று சேர்த்தார்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் மாப்பிள்ளை. ஒட்டடையோடயே கொடுங்க" என்றார் பெரியவர். தெளிப்பானைக் கொக்கியிலிருந்து எடுத்து மருமகளிடம் நீட்டினார். சாயங்காலம் இருபத்து மூன்று சட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினார்.

நான்கு பெட்டிகள் தேறவில்லை. பத்தொன்பது தேறின. இப்போது அந்தக் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு இரைச்சல். பெரியவர் வேலை இல்லாவிட்டாலும் அங்கேயே போய் நிற்கிறார்.

வெளியூரிலிருந்து ஏதோ உயர்ந்த மருந்து வரவழைத்துத்தான் அவர் தேனீக்களைக் காப்பாற்றினார் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். எந்த மருந்தும் வரவில்லை. இருந்த மருந்தை நிறுத்தினார்கள். வந்தவை மாப்பிள்ளை வீட்டுச் சட்டங்கள்.