அப்பாவுக்காக ஒரு பெரிய வண்டி

என் கணவர் பழைய வண்டி பார்க்கும் அழகே தனி. கல்யாணத்துக்கு முன்னால் என்னைக்கூட அவர் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, விற்பவரின் வாசலில் அந்த ஏழு சீட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்ஜின் சூடா இருக்கே. நாங்க வர்றதுக்கு முன்னாடியே எதுக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?" என்று விற்பவரை மடக்கினார். வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்று கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்த்தார். கடைசி சீட்டில் தன் தொந்தியோடு புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் தவித்தார்.

எல்லாம் என் அப்பாவுக்காகத்தான். கீழே விழுந்ததிலிருந்து அவருக்கு வலது முழங்கால் மடங்குவதில்லை. எங்கள் சின்னக் காரில் உட்கார்ந்தால் உயிர் போய் உயிர் வரும். படுத்த படுக்கையாகிவிட்ட அத்தையை, அவருடைய ஒரே அக்காவை, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

அப்பா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஒரு தடவை ஏறிப் பாக்கறீங்களாப்பா?" என்றேன்.

"மாப்பிள்ளை பாத்தா போதும்மா. அவருக்குத் தெரியாததா?"

சின்னக் காரைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கினோம்.

அத்தை வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் அப்பா முதன்முதலாக அந்த வண்டிக் கதவைப் பிடித்தார். இடது கால் ஏறியது, வலது கால் வரவில்லை. ஸ்டூல் போட்டுப் பார்த்தோம். கணவர் பின்னாலிருந்து தள்ளினார், நான் உள்ளேயிருந்து இழுத்தேன். அப்பா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உயரம்னு அன்னைக்கே சொல்லக் கூடாதாப்பா?"

"மாப்பிள்ளை அவ்வளவு ஆசையா பாத்துக்கிட்டு இருந்தாரு. நடுவுல எப்படிம்மா சொல்றது?"

டாக்சி கூப்பிட்டோம். வந்தது எங்கள் பழைய கார் மாதிரியே ஒரு சின்னக் கார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அதில் முன்னே போக, ஏழு சீட்டில் நாங்கள் இரண்டு பேர் பின்னாலேயே போனோம்.

அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கேட்டாள்: "இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படிடா வந்தே?"

அப்பா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே எங்கள் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"மாப்பிள்ளை எனக்காகவே வாங்கினது, அக்கா. காலை நல்லா நீட்டிக்கிட்டு வந்தேன்."