மடியில் ஒரு மலை

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. அறுபத்தெட்டில் ஒருநாள், திருப்பூரிலிருந்து கோயமுத்தூர் போகும் பாசஞ்சரில் எனக்கு எதிரே ஒரு பெண் மடியில் பச்சை மலையோடு உட்கார்ந்திருந்தாள். மலையில் ஒரு குகை. அதற்குள் பொம்மை ரயில் போகுமாம். யாருக்கு என்று கேட்டேன். "எங்கப்பனுக்குங்க" என்றாள். சோமனூரில் இறங்கிவிட்டாள். மீதியெல்லாம் என் புளுகு.

2

அவள் பெயர் மயிலாள் என்று வைத்தேன். கணவன் கந்தப்பன் ஒரு பட்டாளத்து... (அடித்துவிட்டேன். பட்டாளத்துக்காரனுக்கு இந்தப் பொறுமை ஏது?) பனியன் கம்பெனியில் ஃபிட்டர். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலுக்காகப் பலகையில் ஊர் கட்டுகிறான். ஒற்றை அறை வீடு. பாய் விரிக்க வேண்டுமானால், கப்பியில் கயிறு போட்டுப் பலகையை விட்டத்துக்கு இழுத்து ஏற்ற வேண்டும். இழுக்கிறவள் மயிலாள். களிமண்ணில் மலை வைத்த அன்று கயிறு அறுந்தது. கனமில்லாத மலை வேண்டும்.

3

மூங்கில் சிம்பு கட்டி, பனியன் வெட்டுத்துண்டுகளைக் கஞ்சியில் நனைத்துப் போர்த்தினான். காய்வதற்குள் துணி தொய்ந்து குகை வாயை மூடிக்கொண்டது. பனியன்காரன் புத்தி பனியனோடு. தறிக்காரர் மகளான மயிலாள் சிரித்துவிட்டாள்.

"பின்னுன துணி தொங்கத்தானுங்க செய்யும். நெய்த துணி போட்டாத்தான் நிக்கும்."

வீட்டில் உடுத்தாமல் மடித்து வைத்திருந்த நெய்த துணி ஒன்றுதான்: அவள் அப்பா அர்த்தநாரி நெய்த சேலை. அவருக்குச் சொல்லாமல் கந்தப்பனைக் கட்டிக்கொள்ள அவள் உடுத்தி வந்தது. அன்றோடு அவர் பேச்சை விட்டுவிட்டார். (இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். மறுத்துவிட்டாள்.) கத்தரியை எடுத்து அவளே வெட்டினாள்.

4

மலை நின்றது. கந்தப்பன் பச்சை அடித்தான். அடிவாரத்தில் அரக்குக் கரை வந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டுங்க. அப்பன் பாத்தா அவரு கைன்னு தெரியோணும்."

மலையை மட்டும் கழற்றிக்கொண்டு ரயிலேறினாள்.

5

முடிவு. முதலில் அர்த்தநாரி கரையைத் தடவி அழுதார். சினிமா மாதிரி இருந்தது, கிழித்தேன். அடுத்ததில், நல்ல சேலையைக் கெடுத்துவிட்டாயே என்று திட்டினார். இதில் எனக்கு ஆசை உண்டு, திட்டுவதும் பேச்சுத்தானே. மூன்றாவதில் அவர் கதவே திற...

எழுத மனசு வரவில்லை. எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

சோமனூரில், உள்ளே தறிச்சத்தம் கேட்கும் ஒரு வாசலில் நிற்கிறாள். இரண்டு கையிலும் மலை. தட்டக் கையில்லை. நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். கனமே இருக்காது.