தலையில்லாத யூனிஃபார்ம்

என் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இரண்டு உடம்புகள் இருக்கின்றன. ஒன்று கோட்டு போட்டது, இன்னொன்று யூனிஃபார்ம் போட்டது. இரண்டுக்கும் தலை கிடையாது. கடையை எனக்கு விற்றவர் விட்டுப்போனவை. கோட்டு இல்லாதவர்கள் வந்தால் அவர்கள் தலையைக் கோட்டு உடம்பில் ஒட்டிக் கொடுப்பேன். பிள்ளையை ராணுவ அகாடமிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள், யூனிஃபார்ம் எடுபடுமா என்று பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்கு இரண்டாவது உடம்பு. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. விறைப்பாக நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்திருக்கும். பதினைந்து வருஷத்தில் ஒன்பது தலைகளை அதன்மேல் வைத்திருக்கிறேன்.

பத்தாவது, என் மகளுடையது.

பள்ளி முடித்த கையோடு அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து, மற்றொன்று அகாடமியிலிருந்து. அகாடமிக்குப் போவதென்றால் என் கையெழுத்தோடு சம்மதப் படிவம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் கூரியரில் போயாக வேண்டும். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அதன்பிறகுதான் அவளிடம் கேட்கவே தோன்றியது.

"உனக்கு எதுடா பிடிச்சிருக்கு?"

"அகாடமிக்கே போறேன்பா."

சொல்லும்போது வலது கையை இறுக்கி மூடியிருந்தாள். கட்டைவிரல் உள்ளே இருந்தது. தடுப்பூசி போட்ட காலத்திலிருந்து, பயந்தால் அவள் கட்டைவிரல் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். 'நத்தை வீட்டுக்குள்ள போயிடுச்சு' என்று கேலி செய்வோம். அன்று நான் கேலி செய்யவில்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

அவள் அம்மா பார்த்துவிட்டாள். "கடையில மாட்ட உங்களுக்கு ஒரு போட்டோ வேணும். அதுக்குப் பிள்ளைய அனுப்பணுமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் எந்தப் பிள்ளை உருப்படும் என்று பத்து நிமிடம் கத்திவிட்டுக் கடைக்குப் போனேன்.

போனதும் அவள் தலையை யூனிஃபார்ம் மேல் ஒட்டினேன். வழக்கமாகக் கழுத்தோடு அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நிறம் ஒத்துவராது, காலர் இடிக்கும். இவள் தலை வைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பெருமை தாங்காமல் பெரிதாகப் பிரிண்ட் போட்டு முன்பக்கக் கண்ணாடிக்குள் மாட்டினேன். அதே வேகத்தில் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்தேன்.

மறுநாள் காலை சோபாவில் அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். எப்போதும் காலைத் தூக்கிச் சுவரில் போட்டுக் கிடப்பவள். விரல்கள் பத்தும் நீட்டித் தொடைமேல் இருந்தன.

"தண்ணி குடிக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

"பாத்தியா, போறதுக்கு முன்னாடியே சிப்பாய் ஆயிட்டா," என்றேன் மனைவியிடம். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம வீட்டுத் தண்ணிய குடிக்க எதுக்குடி கேக்குற?" என்றாள்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியலம்மா."

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். உள்ளே வராமல் முன்பக்கக் கண்ணாடி எதிரிலேயே நின்றார். நான் வெளியே போனேன்.

"இந்தப் பொண்ணு யாரு சார்?"

"என் மகதாங்க."

"முகம் உங்க மகளோடது. தோள் என் பையனோடது."

கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்த சட்டையை அடையாளம் காட்டுவதுபோல்தான் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் தன் மகனுக்கும் என்னிடமே இதே படம் எடுத்தாராம். அவனுக்குப் பிறவியிலேயே இடது தோள் ஒரு விரல் இறக்கம்.

"மெடிக்கல்ல கழிச்சிடுவாங்கன்னு நெனச்சோம். ஆனா போட்டோ எடுத்த மறுநாளே தோள் நேராயிடுச்சு. சந்தோஷமா அனுப்பி வச்சோம்."

"இப்ப எங்கம்மா இருக்கார்?"

"வேலையில இருக்கான். லீவுக்கு வருவான். ஒரு குறை சொல்ல முடியாது. என் வீட்ல தண்ணி குடிக்க என்கிட்டயே கேட்டுட்டு நிப்பான்."

நான் கடையை வாங்கியபோது அந்த உடம்பின் தோள்கள் அளவுகோல் வைத்தாற்போல இருந்தன, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் மகளின் தலையை எடுத்துவிட்டு வெறும் உடம்பைப் பெரிதாக்கினேன். இடது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஒரு முழங்கால் உள்பக்கம் வளைந்திருந்தது. இடது கையின் நகங்கள் கடித்துக் கடித்துக் குட்டையாகியிருந்தன. யார் யாருடையவையோ. வலது கையை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டேன்.

அது இறுக்கி மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே இருந்தது.

"அழிச்சிடாதீங்க சார்," என்றார் அந்தப் பெண்மணி என் முதுகுக்குப் பின்னாலிருந்து. "அவன்ல எனக்கு மிச்சம் அதுதான்."

கூரியர்காரர் வந்து மணியடித்தார். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டு உறையைக் கிழித்துப் போட்டேன். மகளுக்குப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் வந்து நின்றாள், கைகளைத் தொடையோடு ஒட்டி.

"நீ அகாடமிக்குப் போக வேணாம்டா. அப்பா பண்ணது தப்பு. அன்னிக்கு உனக்குப் பயமா இருந்துச்சு, எனக்குத் தெரியும்."

"சரிப்பா," என்றாள். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "பயமா இருந்துச்சான்னு தெரியலப்பா. இருந்திருக்கும்."

அவளை இழுத்துவந்து திரையில் இருந்த கையைக் காட்டினேன். "இது உன்னோடது. இப்படித்தான் வச்சுக்குவ. ஒரு தடவை பண்ணிக் காட்டுடா," என்றேன்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். கட்டைவிரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தயங்கி, கடைசியில் வெளியே வைத்து இறுக்கினாள்.

"இப்படியாப்பா?" என்று கேட்டாள்.