உப்பு பார்ப்பவள்

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. கால் வைத்து மேசையாக்கிய பழைய கதவு. வீடு மாறிப் போன யாரோ அதை நடைபாதையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாவித்துவாரம் அப்படியே இருந்தது. போன் சார்ஜரின் வயரை அதற்குள் நுழைத்து இழுத்து இழுத்து ஓரத்தில் வார்னிஷ் தேய்ந்திருந்தது. மேலே சூடான பாத்திரம் வைத்த வட்டங்கள். நான்கு கால்களில் ஒன்று ஏதோ நாற்காலியிலிருந்து கழற்றியது.

குனிந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்கு முதலில் வந்தது பொறாமை. என் வீட்டில் நான் அடித்த ஆணியில் தொங்கும் காலண்டர் எல்லா மாதமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது. இதைச் செய்த ஆளுக்கோ கையில் கிடைத்தது போதுமாக இருந்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது எதுவும் எனக்குப் போதியதே இல்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அதைச் செய்தவளைப் பற்றி எழுத வரவில்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டு, அவளைப் பார்த்து வயிறெரிந்த இன்னொருத்தியைப் பற்றித்தான் வந்தது. எழுதுகிற ஆள் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருவது என்பதைக் கதை முன்பே முடிவு செய்துவிடுகிறது.

2

முதல் தொடக்கம்:

"ஒரே அறையில் இரண்டு மாணவிகள் இருந்தார்கள். ஒருத்திக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது, மற்றவளுக்கு"

நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் கடைசியில் நீதி சொல்லவேண்டி வரும்.

இரண்டாவது:

"மழை"

வேண்டாம். சரக்கு இல்லாதபோதுதான் எனக்கு மழை வரும்.

மூன்றாவது:

"கோந்துக்கு ருசி தெரியாது."

இது ஆடாமல் நிற்கிறது. இதன் மேல் மற்றதை வைக்கலாம்.

3

கோந்துக்கு ருசி தெரியாது. எந்நேரமும் எதையாவது எதோடாவது ஒட்டிக்கொண்டிருந்ததால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். படிப்பது சரித்திரம். செய்வது ஒட்டுவேலை. பழக்கடையில் தூக்கிப்போட்ட மரப்பெட்டிகளைச் சுவரில் அறைந்து புத்தக அலமாரி ஆக்கியிருந்தாள். துணி கிழிந்த குடையைத் தலைகீழாக உத்தரத்தில் தொங்கவிட்டு அதன் கம்பிகளில் ஈரத்துணி காயப்போட்டாள். இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து ரொட்டி சுட்டாள். அந்தக் கதவையும் அவள்தான் மேசையாக்கினாள்.

சமையலும் இதே ரகம். அறையில் இருந்தது ஒரு ரைஸ் குக்கர். கடை மூடும் நேரத்தில் கிடைக்கும் அடிபட்ட தக்காளி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, போன வாரத்து ரொட்டி, ஒரு பிடி பருப்பு எல்லாம் அதற்குள் போகும். என்ன சமையல் என்று கேட்டால் "இன்னைக்கு" என்பாள். மிச்சம் இருந்தால் மறுநாள் அதன் பெயர் "நேத்து".

போன வருடம் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய வாசனையையும் ருசியையும் கொண்டுபோயிருந்தது. திரும்பி வரும் என்றார் டாக்டர். வரவில்லை. தினமும் குக்கருக்குள் விழுவது வேறு வேறாக இருப்பதால் அளந்து போடவும் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து ஒரு கரண்டியை நீட்டுவாள்.

"தராசு, உப்பு பாரு."

அறையில் இருந்த மற்றவள் எழுந்து வந்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். "பத்தல" என்றால் கோந்து கொஞ்சம் போடுவாள். "போதும்" என்றால் இறக்கிவிடுவாள். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

(தராசு. இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கதை வாசகரைப் பார்த்துக் கண்ணடிப்பது போல இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன். ஆனால் வைத்தது கோந்து. அவள் வைத்த எதையும் என்னால் பெயர்த்தெடுக்க முடியவில்லை, பெயர் உட்பட.)

4

தராசின் அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறையில் மிஷின். கழுத்தில் எப்போதும் அளவு நாடா. தராசு வளர்ந்தது அந்த நாடாவின் நீளத்துக்குள்தான். சின்ன வயதில் பொம்மைக்குச் சட்டை வெட்டக் கத்திரியை எடுத்தபோது அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். "அளக்காம துணியில கை வைக்காதே." பிறகு தராசு எதையும் அளக்காமல் செய்ததில்லை, பேச்சைக்கூட.

அம்மா வாய் திறந்து பாராட்டுகிற ஆள் கிடையாது. தராசு சமைத்தால் ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பு தூக்கலா இருக்கு" என்பாள். அடுத்த நாள் "சப்புன்னு இருக்கு". கோபமே இருக்காது. தையல் பிரிந்த இடத்தைச் சுட்டிக் காட்டுவது போலச் சொல்வாள்.

அந்த அம்மா முதல் தடவை அறைக்கு வந்தபோது மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இதை யாரு செஞ்சா?"

"நான்தான் ஆன்ட்டி. பழைய கதவு. காலெல்லாம் அங்கங்க பொறுக்கினது."

"அளந்து அறுத்தியா?"

"இல்ல ஆன்ட்டி, கண்ணால பாத்துதான். ஆடிச்சு. அடியில சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிட்டேன், அடங்கிருச்சு."

"கண்ணால பாத்து," என்று அம்மா ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். தராசுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியாது. அது இத்தனை நாள் எந்தப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று நினைத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். குறை சொல்லவில்லை. கிளம்பும்போது கோந்தின் கன்னத்தைத் தொட்டு, "வரேம்மா" என்றாள். தராசிடம், "துணியெல்லாம் மடிச்சு வைடி" என்றாள்.

5

இங்கிருந்து பொறாமையை எழுதவேண்டும். கத்தியைக் கையில் கொடுத்தால் வேலை சுலபம். ஆனால் இது கத்தி எடுக்கிற பொறாமை இல்லை. பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி. வெளியே தெரியாது, நாக்கு மட்டும் நாள் முழுக்க அங்கேயே போய்க்கொண்டிருக்கும்.

அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. முன்பு "சாப்ட்டியா?" இப்போது "அவ இன்னைக்கு என்ன பண்ணா?" கொஞ்ச நாளில் போன் நேராகக் கோந்துக்கே வர ஆரம்பித்தது. பிரிந்துபோன மிஷின் பெல்ட்டை எதை வைத்து ஒட்டலாம் என்று அம்மா கேட்டாள். எல்லாரையும் அளந்தே பழகிய அம்மா, ஒருத்தியிடம் யோசனை கேட்டாள்.

"சரிம்மா. நான் சொன்ன மாதிரி செஞ்சு பாருங்கம்மா. வைக்கிறேன்மா."

ஆன்ட்டி எப்போது அம்மா ஆனாள் என்று தராசு கவனிக்கத் தவறிவிட்டாள். கவனித்தபோது பழையதாகிவிட்டிருந்தது.

"எங்கம்மாவ நீ என்னன்னு கூப்புடுற?"

"அம்மான்னு. ஏன், அவங்களுக்குப் பிடிக்கலையா?"

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"அப்ப என்னடி உனக்கு?"

"ஒண்ணும் இல்ல."

கோந்து உடனே நம்பினாள். தராசு சொல்வதை நம்புவது அவளுக்குப் பழக்கம்.

(கோந்தை வெறுக்கத்தக்கவளாக ஒரு இடத்திலாவது எழுதிவிட முயன்றேன். கொஞ்சம் தற்பெருமை, ஒரு நக்கல் பார்வை, ஏதாவது. ஒட்டவில்லை. அவளை வெறுக்கக் காரணமே கிடைக்காததுதான் தராசுக்குப் பெரிய கஷ்டம். எனக்கும்.)

6

அம்மா இரண்டாம் தடவை வந்த மதியம்.

பையிலிருந்து ஒரு ஏப்ரனை எடுத்துக் கோந்திடம் கொடுத்தாள். நல்ல தடித்த துணி. திருகாணி போட ஒரு பை, கரண்டி சொருக ஒரு பை. கோந்து மாட்டிக்கொண்டு சுற்றினாள். தோளில், இடுப்பில், எங்கும் சுருக்கம் இல்லை.

"அளவு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"போன தடவை பாத்தேன்ல. கண்ணால பாத்ததை வச்சு வெட்டிட்டேன்." அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "உன்கிட்ட கத்துக்கிட்டது."

தராசுக்கும் ஒன்று இருந்தது. பொத்தான் அறுந்த அவளுடைய பழைய சட்டையை அம்மா போன தடவை வாங்கிப்போய்ப் பொத்தான் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். "நல்லா இழுத்துத் தைச்சிருக்கேன். இனிமே அறாது."

குக்கரிலிருந்து ஆவி வந்தது. கோந்து மூடியைத் திறந்தாள். "தராசு, உப்பு பாரு."

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க எழுதாமல் இருந்தேன். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுத்துப் பார்த்தேன். "போதும்" என்று அவளைச் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அம்மா சாப்பிட்டாள், பாராட்டினாள், தராசு சன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், எல்லாம் முறையாக இருந்தது, பிணம் போல. கிழித்தேன். கரண்டி கைதவறிக் கீழே விழுவதாக எழுதினேன். அவள் குனிந்து எடுத்துக் கழுவிவிட்டுத் திரும்ப வந்து நின்றாள்.

நாக்கில் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது. இத்தனை நாளில் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

"பத்தல," என்றாள்.

கோந்து போட்டாள். கிளறினாள். நீட்டினாள்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"அம்மா வந்திருக்காங்கன்னு ரொம்பப் பாக்குறியாடி," என்று சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி போட்டாள்.

7

மேசையில் மூன்று தட்டு. ஏப்ரனைக் கழற்றாமலே கோந்து பரிமாறினாள்.

தராசு அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்தது ஒரே ஒரு சொற்றொடருக்கு. தனக்கு எத்தனையோ முறை சொல்லப்பட்ட அந்தச் சொற்றொடர், ஒரே ஒரு முறை, எதிரில் இருப்பவளுக்கும் சொல்லப்படவேண்டும். அவ்வளவுதான். அதன் பிறகு கோந்தை மறுபடி நேசிக்க முடியும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அம்மா ஒரு வாய் வைத்தாள். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. பிறகு மெல்லத் தொடங்கியது. விழுங்கினாள். தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தொடவில்லை.

"நல்லா இருக்கும்மா," என்றாள்.

தராசு தன் தட்டிலிருந்து எடுத்து வாயில் வைத்தாள். நாக்கு சுருண்டது. இதையா? இதையா நல்லா இருக்கு என்கிறாள்? என் கைச் சோற்றில் ஒரு கல் உப்பு கூடினால் கண்டுபிடிக்கிற வாய், இவளுக்காகக் கடலையே விழுங்குமா?

(மூன்று பேரில் உப்பு தெரியாதவள் ஒருத்தி. தெரிந்தும் சொல்லாதவர்கள் இருவர். இதை இந்த அடைப்புக்குறிக்கு வெளியே எழுதினால் தராசுக்குக் கேட்டுவிடும்.)

கோந்து வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பேசினாள்.

"என்னைப் பாராட்டாதீங்கம்மா. எனக்கு உப்பும் தெரியாது, சக்கரையும் தெரியாது. காய்ச்சலோட எல்லாம் போச்சு. உங்ககிட்ட சொன்னதே இல்லல்ல? நான் வெறும் கை. நாக்கு உங்க பொண்ணோடது. அவ போதும்னு சொன்னாத்தான் இறக்குவேன். போன தடவை தட்டை வழிச்சு சாப்ட்டீங்களே, அதுவும் இவ பாத்த உப்புதான்."

அம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

8

இந்த இடத்தில் ஒரு பக்கம் முழுவதையும் வெற்றாக விடலாம் என்று நினைத்தேன். அவர்களுக்குள் இருந்த அமைதிக்கு அதுதான் சரியான அளவு. ஆனால் வாசகர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா மகளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அளவெடுக்கும்போது பார்ப்பாளே, எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று, அந்தப் பார்வை. தராசு கண்ணை எடுக்க முயன்று முடியாமல் அப்படியே இருந்தாள். போன தடவை அம்மா வழித்துச் சாப்பிட்ட தட்டின் ருசி தன்னுடையது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் தன்னைப் பார்த்தேதான் அவள் வயிறெரிந்திருக்கிறாள். அதைக் கொண்டாட வழியில்லாதபடி இந்தத் தட்டின் உப்பும் தன்னுடையதுதான்.

அம்மா குனிந்து மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள். ஒரு பருக்கை விடாமல். கோந்து எழுந்து கரண்டியை எடுக்கப் போனாள்.

"நீ உக்காரும்மா, சாப்பிடு," என்றாள் அம்மா. காலித் தட்டை மேசைக்கு மேலாகத் தராசின் பக்கம் நீட்டினாள். "நீ போடுடி. இன்னும் கொஞ்சம்."

9

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்தது போல மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் அவள் பரிமாறுகிறாள், அம்மா சாப்பிடுகிறாள், ஊருக்குப் போகிறாள், அதைப் பற்றி யாரும் எப்போதும் பேசுவதில்லை. தாயும் மகளும் முதல்முறையாக ஒரு ரகசியத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், கோந்து நுழையவே முடியாத ரகசியம். தராசு ஆசைப்பட்டது கிடைத்துவிடுகிறது. வாயில் வைக்கத்தான் முடியாது.

இன்னொன்றில் அவள், "வேணாம்மா, சாப்பிடாத, நான்தான்" என்று தொடங்குகிறாள். அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முடித்தால் கோந்துக்குக் கேட்கும். இனி யாரிடம் கரண்டியை நீட்டி, யாரை நம்பி அவள் உப்பு போடுவாள்?

மூன்றாவது முடிவில் அம்மாவின் நீட்டிய கைக்கு அர்த்தம் கண்டுபிடித்து எழுதியிருந்தேன். தண்டனை என்று முதலில், மன்னிப்பு என்று பிறகு, "உன் கையால் போட்டது எதுவானாலும் சாப்பிடுவேன், இதுவரை சொல்லத் தெரியவில்லை" என்று அதற்கும் பிறகு. மூன்றையும் அடித்துவிட்டேன். அது அம்மாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

எனவே குக்கரைத் திறந்து வைத்திருக்கிறேன். கரண்டி தராசின் கையில் இருக்கிறது. பக்கத்தில் கோந்து, புது ஏப்ரனில், தலை குனிந்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நல்லா இருக்கு என்று அம்மாவே சொல்லிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. தட்டு இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. வருடக்கணக்காக மிஷின் ஓட்டிய தோள் அது, அதிக நேரம் தாங்காது. சீக்கிரம் சொல்லுங்கள்.